"நிரூபித்துவிட்டார்" என்று செய்தி வந்தால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் பிடிபடாத ஒரு கணிதப் புதிரை ஒருவர் தீர்த்துவிட்டார் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. பத்து நாள் கழித்து அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. வேறு சில நேரங்களில் இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே முடிவு "இப்போது வெளியானது" என்று மறுபடியும் தலைப்பாகும். இந்தக் குழப்பத்துக்குச் செய்தி எழுதுபவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "வெளியானது" என்ற ஒரே சொல்லை மூன்று வேறு நிகழ்வுகளுக்குப் பயன்படுத்துகிறோம்: கட்டுரையை இணையத்தில் ஏற்றுவது, ஓர் ஆய்விதழ் அதை ஏற்பது, அதே துறையில் வேலை செய்பவர்கள் அதை நம்பி அதன்மேல் தங்கள் அடுத்த வேலையைக் கட்டுவது. இவை இதே வரிசையில் நடக்கும் என்று உறுதியில்லை. மூன்றும் நடந்தே தீரும் என்றும் இல்லை.

தூய கணிதத்தில் இது எப்படி நடக்கிறது, கோட்பாட்டு இயற்பியலில் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சான்று எத்தனை இருந்தாலும் நிரூபணம் ஆகாது

ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, வந்த விடையோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-க்கு 41, 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். இப்படியே 39 வரை போய்ப் பாருங்கள்; 1601 வரும், அதுவும் பகா எண்தான். நாற்பது முறை தொடர்ந்து சரியாக வந்தபின் எந்தச் சோதனைக்கூடமும் "விதி உறுதியாயிற்று" என்று எழுதிவிடும். அடுத்த எண்ணான 40-க்கு விடை 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கினால் வருவது. விதி அங்கேயே உடைந்துவிட்டது.

கணிதத்தில் ஊகம், தேற்றம் என்று இரண்டு சொற்கள் தனித்தனியாக இருப்பது இதனால்தான். உண்மையாக இருக்கும் என்று எல்லோரும் நம்புவது ஊகம். ஏற்கெனவே நிறுவப்பட்டவற்றிலிருந்து படிப்படியாக, ஒரு படியும் விடாமல் வந்து சேர்ந்தால் அது தேற்றம். பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதோடு தொடர்புள்ள ஒரு சார்பு எங்கெல்லாம் பூச்சியமாகிறது என்று 1859-இல் ரீமான் ஓர் ஊகம் எழுதிவைத்தார். 2004-க்குள் அதன் முதல் பத்து லட்சம் கோடி பூச்சியங்களைக் கணினியில் சரிபார்த்துவிட்டார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. அப்படியும் அது இன்றுவரை ஊகம்தான்.

எனவே ஒரு செய்தியில் "மிகப் பெரிய எண் வரை சரிபார்த்தார்கள்" என்று இருந்தால், அது நிரூபணச் செய்தி அல்ல. பயனுள்ள வேலையாக இருக்கலாம், வகை வேறு.

முதல் கட்டம்: ஆர்க்கைவ்

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய, ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் இணையச் சேவை ஆர்க்கைவ் (arXiv). இழைக் கோட்பாடு (துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்க்கும் இயற்பியல்) முதலிய துறைகளில் இருந்தவர்கள் அச்சுக்குக் காத்திராமல் வரைவுகளைப் பரிமாறிக்கொள்ள ஆரம்பித்தது, பிறகு கணிதத்தையும் இழுத்துக்கொண்டது. 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இங்கே ஏற்றப்படுவது முன்வரைவு, அதாவது யாரும் சரிபார்க்காத கட்டுரை.

ஆர்க்கைவில் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஆனால் அது வடிகட்டுவது வேறு விஷயத்தை. புதிதாக ஒரு பிரிவில் எழுத வருபவருக்கு அங்கே ஏற்கெனவே எழுதும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். ஒருங்கிணைப்பாளர்கள் கட்டுரை ஆய்வுக் கட்டுரை வடிவில் இருக்கிறதா, எந்தப் பிரிவில் சேரும் என்று பார்ப்பார்கள். நிரூபணம் சரியா என்று பார்ப்பதில்லை. "ஆர்க்கைவில் வெளியிடப்பட்டது" என்பதற்கு "தபாலில் சேர்த்தார்கள்" என்பதைவிடக் கொஞ்சம்தான் அதிக எடை.

ஆனால் அந்தப் பக்கத்தையே கவனமாகப் பார்த்தால் சில தகவல்கள் கிடைக்கும்.

1. பதிப்பு வரலாறு. ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு தனிப் பதிப்பாக நிற்கும், பழையது அழியாது. கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் அந்தக் குறிப்பும் காரணமும் அங்கேயே இருக்கும். ஐந்து நாளில் நான்கு பதிப்பு என்றால் யாரோ ஓட்டைகளைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

2. பிரிவு. ரீமான் ஊகம் பற்றிய கட்டுரை எண் கோட்பாட்டுப் பிரிவில் இல்லாமல் "பொதுக் கணிதம்" பிரிவில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பிரபல ஊகங்களை நிரூபித்துவிட்டதாகக் கோரும் சந்தேகத்துக்குரிய கட்டுரைகளை ஒருங்கிணைப்பாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் தள்ளுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு கிரிகோரி பெரெல்மான். முப்பரிமாணக் கோளத்தை அடையாளம் காண்பது பற்றிய புவான்காரே ஊகத்துக்கான தன் நிரூபணத்தை 2002 நவம்பர், 2003 மார்ச், ஜூலை என மூன்று கட்டுரைகளாக ஆர்க்கைவில் ஏற்றினார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவே இல்லை. மூன்று வெவ்வேறு குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, அவர் ஓரிரு வரியில் தாண்டிய இடங்களை விரித்து எழுதின. 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம், 2010-இல் கிளே கணித நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர் பரிசு. இரண்டையும் அவர் மறுத்தார். அச்சான ஆய்விதழில் இல்லை என்பதால் மட்டும் ஒரு முடிவை ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டம்: நடுவர் என்ன செய்கிறார்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை ஆசிரியர் குழு அதே துறையைச் சேர்ந்த ஒருவருக்கோ இருவருக்கோ அனுப்பும். இவர்கள்தான் நடுவர்கள். பெயர் வெளியே தெரியாது, வழக்கமாக ஊதியமும் இல்லை. பரிசோதனை அறிவியலில் நடுவரால் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது. முறை சரியா, முடிவு தரவிலிருந்து வருகிறதா என்றுதான் பார்க்கலாம். கணிதத்தில் எல்லாமே தாளில் இருப்பதால், கொள்கையளவில் முழுதையும் சரிபார்க்கலாம். கொள்கையளவில் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவு புதிதா, முக்கியமா, உத்தி நம்பத்தக்கதா, சந்தேகமான துணைத்தேற்றங்கள் நிற்கின்றனவா என்று பார்ப்பதிலேயே பெரும்பாலான நடுவர்களின் நேரம் போய்விடும். வரிக்கு வரி சரிபார்ப்பது பெரிய கோரிக்கைகளுக்கு மட்டுமே உறுதியாக நடக்கிறது.

அப்படி நடந்த ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் மூன்று உரைகளின் முடிவில் ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை (2-க்கு மேற்பட்ட எந்தப் படியிலும், இரண்டு நேர்ம முழு எண்களின் அடுக்குகளைக் கூட்டி மூன்றாவது ஒன்றின் அதே அடுக்கைப் பெற முடியாது என்பது) நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். உலகம் முழுக்க முதல் பக்கச் செய்தி. கைப்பிரதி சுமார் 200 பக்கம். பல நடுவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பகுதி நிக்கோலஸ் காட்ஸிடம் போயிற்று. அவர் வரி வரியாகப் படித்து, புரியாத இடத்திலெல்லாம் மின்னஞ்சலில் கேள்வி கேட்டார். வைல்ஸ் பதில் எழுதிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பதில் போதவில்லை. திரும்பக் கேட்டார், மறுபடியும் போதவில்லை. ஒரு குறிப்பிட்ட கணிதத் தொகுப்பின் அளவு ஓர் எல்லைக்குள் இருக்கும் என்பதற்குப் பயன்படுத்திய கருவி, அந்தச் சூழலுக்கு முழுதாகக் கட்டப்படவில்லை. மற்ற பக்கங்கள் எல்லாம் நின்றன. ஆனால் அது இல்லாமல் ஃபெர்மா வரவில்லை. 1994 செப்டம்பரில்தான், ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து, வேறு வழியில் அதைச் சுற்றிக் கடந்தார். 1995 மே மாதம் "ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்" இதழில் இரண்டு கட்டுரைகளாக அச்சாயிற்று. 1993-இல் வந்த தலைப்புச் செய்தி சரியா தவறா என்று கேட்டால், அந்தத் தேதியில் அது தவறு.

எவ்வளவு காலம் ஆகும் என்பது பக்க எண்ணிக்கையையும் கருவிகள் எவ்வளவு பழக்கமானவை என்பதையும் பொறுத்தது. யீதாங் ஜாங் 2013 ஏப்ரலில் அனுப்பிய கட்டுரையில், இடைவெளி 7 கோடிக்குக் குறைவாக உள்ள பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்திருந்தார். துறைக்காரர்கள் அறிந்த கருவிகள், தெளிவான எழுத்து. அதே ஆனல்ஸ் இதழ் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் ஏற்றுக்கொண்டது. மாறாக, கோளங்களை அடுக்குவது பற்றிய கெப்ளர் ஊகத்துக்குத் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் தந்த நிரூபணம் பெரும் கணினிக் கணக்குகளைச் சார்ந்தது. 12 நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். கடைசியில் "99 சதவீதம் உறுதி, ஆனால் எல்லாக் கணினிக் கணக்கையும் சரிபார்க்க எங்களால் முடியவில்லை" என்ற பொருளில் எழுதிக் கைவிட்டார்கள். 2005-இல் அச்சானது அந்த நிலையில்தான்.

எங்கே பிசகுகிறது

தவறான நிரூபணங்களில் வெறும் கூட்டல் பிழை அரிது. திரும்பத் திரும்ப வரும் வகைகள் சில:

1. சின்ன உலகத்தின் வசதியைப் பெரிய உலகத்துக்கும் கொண்டுபோவது. எந்த முழு எண்ணையும் பகா எண்களாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும். 1847-இல் காப்ரியேல் லாமே பாரிஸ் அகாதெமியில் ஃபெர்மாவின் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாகச் சொன்னபோது, விரிவாக்கிய எண் அமைப்புகளிலும் இது உண்மை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அங்கேயே லியுவில் எழுந்து கேள்வி கேட்டார். அது எப்போதும் உண்மையல்ல என்று குமர் சில ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தார். 23-ஆம் படி வரும்போது முதல்முறையாக உடைகிறது.

2. மேற்கோள் காட்டும் தேற்றத்தின் நிபந்தனையை மறப்பது. பழைய கட்டுரையில் "முடிவுள்ள அமைப்புகளுக்கு" என்று ஒரு வார்த்தை இருக்கும். புதிய கட்டுரையில் அது காணாமல் போயிருக்கும்.

3. தேவைக்கு மேல் நிரூபித்துவிடுவது. அனுபவசாலிகள் முதலில் போடும் சோதனை இதுதான், வரிகளைப் படிக்கும் முன்பே போட்டுவிடுவார்கள்: இதே வாதத்தைப் பொய் என்று தெரிந்த ஒன்றின்மேல் ஓட்டினால் அங்கேயும் ஓடுகிறதா? 2010 ஆகஸ்டில் பி (கணினி விரைவாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள்), என்பி (விடையைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்) ஆகிய வகுப்புகள் சமமல்ல என்று வந்த ஒரு நிரூபண முயற்சி இந்த இடத்தில்தான் மாட்டியது. எளிது என்று ஏற்கெனவே தெரிந்த கணக்குகளையும் கடினமானவற்றிலிருந்து அந்த வாதத்தால் பிரித்துக் காட்ட முடியவில்லை. சில நாட்களுக்குள் நிபுணர்கள் கைவிட்டார்கள்.

4. "எளிதில் காணலாம்" என்ற சொற்றொடர். ஓட்டை இருந்தால் அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

ஒரு பிழை எவ்வளவு காலம் பிடிபடாமல் இருக்கும்? எந்த வரைபடத்துக்கும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாமல் தீட்ட நான்கு நிறம் போதும் என்ற நான்கு நிறத் தேற்றத்துக்கு 1879-இல் கெம்ப் தந்த நிரூபணம் பதினோரு ஆண்டு ஏற்கப்பட்டிருந்தது. 1890-இல் ஹீவுட் ஓட்டையைக் காட்டினார். ஆய்விதழில் அச்சாவது பிழை இல்லாததற்கு உத்தரவாதம் அல்ல; பிழை இருக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் கட்டம்: ஆய்விதழும் துறையும் வேறு வேறு பேசும்போது

2012 ஆகஸ்டில் கியோட்டோவின் ஷினிச்சி மொச்சிசுகி, எண்களின் கூட்டலையும் அவற்றின் பகாக் காரணிகளையும் இணைக்கும் ஏபிசி ஊகத்தின் நிரூபணம் என்று நான்கு நீண்ட கட்டுரைகளைத் தன் இணையப் பக்கத்தில் வைத்தார். 500 பக்கத்துக்கு மேல், அவரே உருவாக்கிய சொற்களோடு. 2018 மார்ச்சில் ஜெர்மன் கணிதவியலாளர்கள் பீட்டர் ஷோல்ஸும் யாக்கோப் ஸ்டிக்ஸும் கியோட்டோவுக்குப் போய் ஒரு வாரம் அவரோடு பேசினார்கள். மூன்றாம் கட்டுரையின் கிளைத்தேற்றம் 3.12-க்கான வாதம் நிற்கவில்லை, சின்னத் திருத்தத்தால் சரிசெய்யவும் முடியாது என்று எழுதினார்கள். அவர்கள் இருவரும் செய்த எளிமைப்படுத்தலில்தான் தவறு என்று மொச்சிசுகி மறுத்தார். 2021-இல் கியோட்டோவிலிருந்து வரும் ஆய்விதழ் நான்கையும் அச்சிட்டது. அப்போது மொச்சிசுகிதான் அந்த இதழின் தலைமை ஆசிரியர். இந்தக் கட்டுரைகளின் பரிசீலனையில் மட்டும் விலகியிருந்தார்.

அச்சானபின் என்ன மாறியது? பெரும்பாலான எண் கோட்பாட்டாளர்களைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை. ஏபிசி இன்னும் ஊகம் என்றே எழுதுகிறார்கள். இதைக் கோஷ்டிச் சண்டையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரூபணம் என்பது மற்றவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட படியை எழுதியவரின் வட்டத்துக்கு வெளியே யாராலும் விளக்க முடியவில்லை என்றால், இதழின் முத்திரை அந்த இடத்தை நிரப்பாது.

கோட்பாட்டு இயற்பியலில் அளவுகோல் மாறுகிறது

கோட்பாட்டு இயற்பியலாளரும் தாளில் சமன்பாடுதான் எழுதுகிறார். ஆனால் "காட்டினோம்" என்று அவர் சொல்வதும் கணிதவியலாளர் சொல்வதும் ஒன்றல்ல. அணுக்கருவுக்குள் இருக்கும் வலிய விசையை விளக்கும் யாங்-மில்ஸ் கோட்பாடு நல்ல எடுத்துக்காட்டு. இயற்பியலாளர்கள் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள், சோதனைகளோடு ஒத்துப்போகிறது. அதே கோட்பாடு கணித ரீதியாகச் சரியாக வரையறுக்கப்பட்டு நிற்கிறது, அதில் நிறை இடைவெளி இருக்கிறது (அதாவது, மிக இலகுவான துகளின் நிறைகூடப் பூச்சியத்துக்கு மேல்தான்) என்று நிரூபிப்பதற்குக் கிளே நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இயற்பியலாளர் நம்புவது ஒத்திசைவை: ஒரே விடைக்கு வேறு வேறு வழியில் வர முடிகிறதா, தெரிந்த எல்லையில் பழைய கோட்பாடு திரும்பக் கிடைக்கிறதா, சோதனை முரண்படுகிறதா என்று பார்ப்பார். இது மட்டமான அளவுகோல் என்று நினைத்தால் 1991-இல் நடந்ததைப் பாருங்கள்.

ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்று தரும் முப்பரிமாண வெளியில் எத்தனை வளைகோடுகள் வரையலாம் என்பது வடிவகணிதத்தின் பழைய கேள்வி. முதல் படி, அதாவது நேர்கோடுகள்: 2875. இரண்டாம் படி: 6,09,250. மூன்றாம் படியை எல்லிங்ஸ்ருட், ஸ்ட்ரொம்மே என்ற இரண்டு நார்வே கணிதவியலாளர்கள் கணினி உதவியோடு எண்ணினார்கள்: 268,25,49,425. அதே நேரத்தில் ஃபிலிப் காண்டெலாஸும் மூன்று சக இயற்பியலாளர்களும், இழைக் கோட்பாட்டில் கிடைத்த ஆடிச் சமச்சீர்மை என்ற யோசனையைக் கொண்டு, எல்லாப் படிகளுக்கும் ஒரே மூச்சில் விடை தரும் சூத்திரம் எழுதினார்கள். மூன்றாம் படிக்கு அது சொன்னது 31,72,06,375. முதல் இரண்டும் பொருந்தின, மூன்றாவது பொருந்தவில்லை. இயற்பியலாளர்களின் வாதத்தில் கணிதக் கண்டிப்பு இல்லாததால் பிழை அவர்கள் பக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நார்வேக்காரர்கள் தங்கள் நிரலைத் திரும்பப் பார்த்தபோது பிழை அதில் இருந்தது. திருத்தி ஓட்டியதும் 31,72,06,375 வந்தது.

அதன்பின்னும் கணிதவியலாளர்கள் இயற்பியலாளர்களின் சூத்திரத்தைத் தேற்றம் என்று அழைக்கவில்லை. 1990-களின் பிற்பகுதியில் கிவென்டாலும், தனியாக லியான், லியூ, யாவ் ஆகியோரும் கண்டிப்பான நிரூபணம் தந்தபிறகே அந்தச் சொல்லுக்குத் தகுதி வந்தது.

மறுபக்கமும் உண்டு. 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவளையத்தில் இரண்டு சோதனைகளின் தரவிலும் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அருகே ஒரு சின்ன மேடு தெரிந்தது. புதிய துகளாக இருக்கலாம் என்று எட்டு மாதத்தில் 500-க்கும் மேற்பட்ட கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடு மறைந்துவிட்டது. அந்தக் கட்டுரைகளில் கணக்குப் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. "இப்படி ஒரு துகள் இருந்தால்" என்று தொடங்கிய வாதங்கள். அந்த "இருந்தால்" கவிழ்ந்தது.

செய்திகளில் வரும் "5 சிக்மா" என்ற எல்லையும் அடிக்கடி தவறாகப் படிக்கப்படுகிறது. புதிதாக ஒன்றும் இல்லாத நிலையில், தற்செயலாகவே இவ்வளவு பெரிய மேடு தோன்ற ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்பது அதன் பொருள். கோரிக்கை தவறாக இருக்கும் வாய்ப்பு அது அல்ல. 2011-இல் நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்த ஓபரா சோதனையும் அந்த எல்லையைத் தாண்டியதுதான். இறுக்கிப் பொருத்தாத ஓர் ஒளியிழைக் கம்பி முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. சிக்மா கணக்கு தற்செயலை அளக்கும், தளர்ந்த கம்பியை அளக்காது.

இயந்திரம் சரிபார்த்தால் முடிந்ததா

ஹேல்ஸ் அந்த 99 சதவீதத்தோடு விடவில்லை. தன் நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கணினி தர்க்க விதிகளால் சரிபார்க்கும் மொழியில் எழுதும் திட்டத்தைத் தொடங்கி, ஒரு குழுவோடு 2014 ஆகஸ்டில் முடித்தார். இப்போது இந்த வேலைக்குக் கணிதவியலாளர்களிடம் பரவியிருக்கும் மொழி லீன். 2020 டிசம்பரில் ஷோல்ஸ், தனக்கே முழு நம்பிக்கை இல்லாத தன்னுடைய தேற்றம் ஒன்றைச் சரிபார்த்துத் தரும்படி லீன் குழுவுக்குச் சவால் விட்டார். 2022 ஜூலையில் முடிந்தது. 2023 நவம்பரில் கவர்ஸ், கிரீன், மேனர்ஸ், தாவ் ஆகிய நால்வர் எழுதிய ஒரு நிரூபணம் ஏறக்குறைய மூன்று வாரத்தில் லீனில் ஏறிவிட்டது.

இங்கேயும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, லீனில் "சாரி" (sorry, மன்னிக்கவும்) என்றே ஒரு கட்டளை உண்டு: இந்தப் படியை இப்போதைக்கு நம்பிக்கொள், பிறகு நிரப்புகிறேன் என்று அர்த்தம். அது ஒரே ஓர் இடத்தில் மீதி இருந்தாலும், அதைச் சார்ந்த தேற்றம் முடியவில்லை. இரண்டாவது, எழுதிய கூற்று எழுதிய வரையறைகளிலிருந்து வருகிறது என்பதைத்தான் இயந்திரம் சொல்லும். அந்த வரையறை நாம் மனதில் வைத்திருந்த பொருளையே குறிக்கிறதா என்பதை மனிதர் படித்துத்தான் ஆக வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால் அது சில பக்கம்தான். 300 பக்கம் அல்ல.

அடுத்த முறை செய்தி வரும்போது

முதலில் அது மூன்றில் எந்தக் கட்டம் என்று பாருங்கள். பிறகு கட்டுரையின் நீளமும் கருவியும். 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வாலும் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகச் சோதிக்கும் வழிமுறையை வெளியிட்டார்கள். பத்துப் பக்கத்துக்குள், பெரும்பாலும் பட்டப்படிப்பு அளவிலான இயற்கணிதம். நிபுணர்கள் சில நாட்களில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆனல்ஸில் அச்சானது 2004-இல். அப்படிப்பட்ட கட்டுரைக்கு வந்த முதல் வாரப் பாராட்டை நம்பலாம். 300 பக்கமும் புதிய சொற்களும் கொண்ட ஒன்றுக்கு முதல் வாரத்தில் வரும் பாராட்டு ஆளைப் பற்றியது. கட்டுரையை அதற்குள் யாரும் படித்து முடித்திருக்க மாட்டார்கள்.